வால்வு ஹெட்போன் ஆம்ப் முனகுகிறதா? முதலில் சுவர் ப்ளக்கைப் பாருங்கள்

செங்கோட்டையில் ஆனி பிறந்துவிட்டால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும், பின்னாலேயே சாரல். துவைத்துப் போட்ட வேட்டி மூன்று நாளானாலும் காயாது. அப்படி ஒரு சாயங்காலம்தான் என்னுடைய முதல் வால்வு ஹெட்போன் ஆம்ப் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பழைய ரேடியோவில் எரியும் கண்ணாடிக் குழாய்தான் வால்வு, அதை வைத்துப் பாட்டைப் பெருக்கி ஹெட்போனுக்குக் கொடுக்கும் பெட்டி இது. ஸ்விட்சைப் போட்டேன், வால்வு சிவந்தது, ஹெட்போனை மாட்டினேன். பாட்டுக்கு முன்னாலேயே ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். “புது வால்வு போட்டா சரியாயிடும்” என்று ஒருவர் சொன்னதை நம்பி நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கிப் போட்டேன். முனகல் இம்மியும் குறையவில்லை. இரண்டு வாரம் கழித்து, மிக்சிக்கு ப்ளக் பாயிண்ட் வேண்டும் என்று லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன். காதுக்குள் சட்டென்று அமைதி.

அந்த நாலாயிரம் உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வால்வு ஆம்பில் கேட்கும் சத்தத்தில் பெரும்பகுதி வால்விலிருந்து வருவதில்லை. சுவரிலிருந்து வருகிறது, பக்கத்து மேஜையிலிருந்து வருகிறது, பொருந்தாத ஹெட்போனால் பெரிதாகிறது. வால்வைச் சந்தேகிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பாவின் வால்வு ரேடியோவும் முனகத்தான் செய்தது. இலங்கை வானொலி வரும் நேரத்தில் பச்சைக் கண் மாதிரி ஒரு வால்வு சுருங்கி விரியும், கூடவே அடியில் ஒரு உறுமல். அதை யாரும் குறையாக நினைத்ததே இல்லை. ரேடியோ அலமாரி மேல், நாங்கள் முற்றத்தில். ஹெட்போன் அப்படியில்லை, காதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு: 32 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்று போட்ட காதுக்குள் செருகும் இயர்போனில் 0.1 மில்லிவோல்ட் சீறல் போனாலே சுமார் 35 டெசிபல் கேட்கும். ராத்திரி வீடு அடங்கின பிறகு அது நன்றாகவே தெரியும். அதே 0.1 மில்லிவோல்ட், 300 ஓம், 97 டெசிபல் ஹெட்போனில் சுமார் 22 டெசிபல்தான், அநேகமாகக் காதுக்கு எட்டாது. ஆம்ப் அதேதான், சத்தமும் அதேதான்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம்

இந்தக் கட்டுரையில் பெட்டியின் அடிமூடியைத் திறக்க வேண்டிய வேலை ஒன்றுகூட இல்லை. உள்ளே பெரும்பாலும் 150 முதல் 300 வோல்ட் வரை டிசி இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். திறந்து பார்க்க வேண்டிய பழுது என்றால் அது தெரிந்தவர் கைக்குப் போகட்டும்.

இரண்டாவது, யாராவது “மூணு முள்ளு ப்ளக்குல எர்த்தைக் கழட்டிடு, சத்தம் போயிடும்” என்பார்கள். போகவும் போகும், அதுதான் ஆபத்து. டிரான்ஸ்ஃபார்மரில் இன்சுலேஷன் என்றைக்காவது போனால் கரண்ட் தப்பிக்க இருக்கும் வழி அந்த ஒரு கம்பிதான். அது இல்லையென்றால் அடுத்த வழி, தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நீங்கள்.

காதுதான் முதல் மீட்டர்

என்ன சத்தம் என்று பிரித்துக் கேளுங்கள். புனலூர்க்கார நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் மலையாளத்தில் ‘மூளல்’ என்றே சொல்வார். போனில் கேட்டால் எனக்கு ஒன்றும் விளங்காது. நான் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன். அடித்தொண்டையில் ம்ம்ம் என்றால் முனகல். உஸ்ஸ் என்றால் சீறல். விட்டு விட்டுப் பட்பட், கரகர என்றால் கரகரப்பு.

முனகலிலும் இரண்டு ஜாதி உண்டு. நம் வீட்டுக் கரண்ட் ஒரு நொடிக்கு 50 தடவை அலைகிறது. அந்த 50 ஹெர்ட்ஸ் நேராக உள்ளே நுழைந்தால் மழுங்கலான, அடியாழத்து முனகல். எர்த் வட்டம் (கீழே சொல்கிறேன்), டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் வயர் போவது, இந்த மாதிரிக் காரணங்கள். ஏசியை டிசியாக மாற்றிய பிறகு மிஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸ். அது கொஞ்சம் மேல் ஸ்தாயியில், வண்டு ரீங்காரம் மாதிரி ஓரம் கூர்மையாகக் கேட்கும். பழைய ஆம்பில் இது நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தால் பெரும்பாலும் பவர் சப்ளை கண்டென்சர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அது ரிப்பேர்க்காரர் வேலை.

ஹெட்போனைக் கழற்றி வைத்த பிறகும் பெட்டியே உறுமுகிறதா? அது டிரான்ஸ்ஃபார்மரின் தகடு அதிர்வது. கீழே தடித்த ரப்பர் பாதம் வைத்தால் மேஜை கூடச் சேர்ந்து பாடுவது நிற்கும்.

இப்போது முக்கியமான சோதனை. பாட்டை நிறுத்துங்கள், வயர்கள் எல்லாம் மாட்டியபடியே இருக்கட்டும். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துக் கேளுங்கள், அப்புறம் மெல்லக் கூட்டுங்கள். பெரும்பாலான ஆம்பில் வால்யூம் குமிழ் முதல் வால்வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே குமிழோடு சேர்ந்து ஏறும் சத்தம் வெளியிலிருந்து வருகிறது. பூஜ்யத்திலும் அதே அளவில் கேட்டால் குமிழுக்குப் பின்னால், அதாவது வால்விலோ பவர் சப்ளையிலோ பிறக்கிறது. ஒரு நிமிஷ வேலைதான். இதைச் செய்யாமல்தான் நான் நாலாயிரத்தைக் கொடுத்தேன்.

இன்புட் வயரைப் பிடுங்கிவிட்டு இதைச் சோதிக்காதீர்கள். வெறும் ஓட்டையாக நிற்கும் இன்புட், காற்றில் இருக்கும் கரண்ட் சத்தத்தையெல்லாம் ஆன்டெனா மாதிரி இழுத்துக்கொள்ளும். இல்லாத நோய்க்கு மருந்து தேடுவீர்கள்.

குமிழோடு ஏறுகிறது என்றால்

லேப்டாப்பிலிருந்து கேட்பவர்கள் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் கிடைத்துவிட்டது. சார்ஜரும் எர்த்தைத் தொடுகிறது, ஆம்பும் தொடுகிறது, நடுவில் டேக் (லேப்டாப்பின் டிஜிட்டல் பாட்டை மின் அலையாக மாற்றும் பெட்டி) வழியாக யூஎஸ்பி வயரும், ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரும் இரண்டையும் இணைக்கின்றன. ஒரு வட்டம் உருவாகிவிட்டது. அந்த வட்டத்தில் சுற்றும் சின்னக் கரண்ட், பாட்டு போகும் வயரின் மேல்தான் ஏறிப் போகிறது.

செலவில்லாத தீர்வு: இரண்டின் ப்ளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பக்கத்துப் பக்கத்தில் செருகுங்கள், ஆர்சிஏ வயரை முடிந்தவரை குட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். பாதி வீடுகளில் இதோடு அடங்கிவிடும். அடங்காவிட்டால், உங்கள் டேக்கில் ஆப்டிகல் இன்புட் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஆப்டிகல் வயரில் போவது வெளிச்சம், அதில் எர்த் கடக்காது. அதற்கும் வழியில்லை என்றால், யூஎஸ்பி வயரின் நடுவில் மாட்டி எர்த் இணைப்பைத் துண்டிக்கும் யூஎஸ்பி ஐசொலேட்டர். ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் வேலை செய்யும், மட்டமானதை வாங்கினால் பேஸ் மெலிந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர். அந்தக் காலத்து ஓட்டு வீடுகள் இன்னும் நிறைய உண்டு. மரப்பட்டி வயரிங்கை மாற்றினவர்கள்கூட எர்த் இழுக்காமல் விட்டிருப்பார்கள். சுவரில் மூன்று ஓட்டை தெரியும், மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் சார்ஜர் போட்டபடி லேப்டாப்பின் உலோக ஓரத்தைத் தடவினால் விரலில் சுருசுரு என்று ஒரு கூச்சம் தெரியும். சார்ஜருக்குள் இருக்கும் ஃபில்டர் கண்டென்சர்கள், போக எர்த் இல்லாததால், உலோக உடம்பை மெயின்ஸில் ஏறக்குறைய பாதி வோல்டேஜுக்குத் தூக்கிவிடுகின்றன. கரண்ட் மிகச் சிறியது, ஆள் தப்பிக்கிறார். பாட்டு தப்பிப்பதில்லை.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் கம்பி) எர்த்துக்கும் நடுவில் மீட்டர் 230 பக்கம் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ கோளாறு. உப்பும் கரியும் போட்ட பழைய மாதிரி எர்த் குழி என்றால் சித்திரை வெயிலில் காய்ந்து போகும். வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதை எங்கள் அப்பா ஒரு விரதம் மாதிரி செய்வார். அன்றைக்குச் சிரித்தேன், இன்றைக்கு நானும் ஊற்றுகிறேன்.

எர்த் சரியாகியும் வண்டுச் சத்தம் இருந்தால் அறையைச் சுற்றிப் பாருங்கள். முதல் குற்றவாளி ஃபேன் ரெகுலேட்டர். விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் மாதிரி, தொடர்ச்சியாகச் சுழலும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரண்ட் அலையை நடுவில் வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. அந்த வெட்டுதான் ஆம்பில் ‘ஸ்ர்ர்ர்’ என்று கேட்கும். ஃபேனை ஒரு நிமிஷம் நிறுத்திப் பாருங்கள். நின்றால், டக் டக் என்று ஐந்து படியில் திரும்பும் கண்டென்சர் வகை ரெகுலேட்டராக மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும்.

அடுத்தது மலிவு எல்இடி பல்பு, அதற்கும் அடுத்தது இன்வெர்ட்டர். கரண்ட் போன நேரத்தில் மட்டும் ஆம்ப் கத்தினால் உங்கள் இன்வெர்ட்டர் பெரும்பாலும் ஸ்கொயர் வேவ் வகை, அதாவது வழவழப்பான அலைக்குப் பதிலாகக் கட்டம் கட்டமான அலையைத் தருவது. அதில் வால்வு ஆம்ப் ஓட்டாமல் இருப்பது டிரான்ஸ்ஃபார்மருக்கும் நல்லது. போனை வால்வுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால், 2ஜியில் கால் வரும்போது ‘டிக்டிக்-டிக்டிக்’ கேட்கும். ஒரு கை நீளம் தள்ளி வையுங்கள், போதும். வைஃபை பெட்டியும் அப்படியே.

வோல்டேஜ்: கேட்காத, ஆனால் தின்னும் சங்கதி

வால்வின் பெயரில் முதலில் வரும் எண், அமெரிக்கப் பெயர்களில், ஹீட்டர் (வால்வுக்குள் சிவந்து சூடாகும் இழை) வோல்டேஜைக் காட்டும். 6எஸ்என்7 என்றால் 6.3 வோல்ட். மேலும் கீழும் பத்து சதவீதம் தாங்கும், அதாவது 5.7 முதல் 6.9 வரை. இப்போது பாருங்கள்: சீனாவிலிருந்து வரும் ஆம்புகள் பல 220 வோல்ட்டுக்குச் சுற்றியவை. உங்கள் வீட்டில் 240 வந்தால் ஹீட்டருக்கு 6.87 போகிறது, ஓரத்தில் நிற்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஊர் மோட்டாரெல்லாம் நின்று 250 ஏறினால் 7.16. சத்தம் ஒன்றும் வராது, வால்வின் ஆயுள் மட்டும் கரையும். நாம் ஹெட்போனில் உட்காருவதும் அந்த நேரத்தில்தான்.

ஒரு வாரம் வெவ்வேறு நேரத்தில் மீட்டர் வைத்து எழுதிப் பாருங்கள். 245-க்கு மேல் அடிக்கடி போனால் நல்ல ஸ்டெபிலைசர் ஒன்று போடுவதில் தப்பில்லை. ரிலே வகை ஒவ்வொரு முறை மாறும்போதும் ஹெட்போனில் ‘டப்’ என்று கேட்கும். எனக்குச் சர்வோ வகைதான் பிடித்தது. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த ஆம்ப் என்றால் பின்பக்கம் 110 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே ப்ளக்கைத் தொடுங்கள்.

சீறல் என்றால் பெரும்பாலும் பொருத்தப் பிழை

லேப்டாப்பில் வால்யூமைப் பாதியில் வைத்துவிட்டு ஆம்பை முழுக்கத் திருப்புகிறவர்கள் உண்டு. தலைகீழாகச் செய்யுங்கள். பாட்டு வரும் இடத்தில் முழு வால்யூம், குறைப்பது ஆம்பில். பாட்டு உயரமாக நுழைந்தால், அதோடு ஒட்டிவரும் சீறலைக் குமிழ் சேர்த்தே குறைத்துவிடும்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஓடிஎல் வகை ஆம்ப் வைத்திருப்பவர்கள் 300 ஓமோ அதற்கு மேலோ உள்ள ஹெட்போன் வாங்குங்கள். சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650 இரண்டும் 300 ஓம். அவற்றுக்கும் இந்த வகை ஆம்புக்கும் நல்ல சம்பந்தம். காதுக்குள் செருகும் இயர்போனை இதில் மாட்டினால் சீறலும் கேட்கும், பேஸும் கோணும். அதற்கு ஆம்பைத் திட்டக்கூடாது.

சில ஆம்பில் வால்வை மாற்றியும் சீறலைக் குறைக்கலாம். 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கம் 100, 12ஏடி7 சுமார் 60, 12ஏயூ7 சுமார் 20. மூன்றுக்கும் கால் அமைப்பு ஒன்றே. ஆம்ப் செய்தவர் கையேட்டில் ‘மாற்றலாம்’ என்று எழுதியிருந்தால் குறைந்த பெருக்கத்துக்குப் போங்கள். எழுதாவிட்டால் விட்டுவிடுங்கள். ஒன்பது கால் ஓட்டையில் உட்கார்ந்துவிட்டது என்பதால் சரியான வால்வு ஆகிவிடாது. 6டிஜே8-உம் அதே ஓட்டையில் அழகாக உட்காரும், ஆனால் அதன் ஹீட்டர் இணைப்பு வேறு, ஒன்பதாவது காலின் வேலையே வேறு.

இப்போது வால்வு

வால்யூம் பூஜ்யத்திலும் ஒரு பக்கக் காதில் மட்டும் சத்தமா? ஆம்பை நிறுத்தி, கை சுடாத அளவுக்கு ஆறவிட்டு, இடது வலது வால்வுகளை இடம் மாற்றிப் போடுங்கள். சத்தமும் இடம் மாறினால் வால்வுதான் காரணம். மாறாமல் அதே காதில் இருந்தால் சாக்கெட்டோ உள்வேலையோ. புது வால்வு வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யாதவர் என் கட்சி.

கழற்றும்போது நேராக மேலே இழுங்கள், மயிரிழை அளவுக்கு மட்டும் அசைத்து. திருகினால் கால் வளையும், அடிக்கண்ணாடி கீறும். சின்ன வால்வில் கால்களுக்கு நடுவே ஓரிடத்தில் அகன்ற இடைவெளி இருக்கும், பெரிய வால்வில் நடுமுளையில் ஒரு வரப்பு. அதைப் பார்த்து வைத்துத்தான் அழுத்த வேண்டும்.

பென்சிலின் ரப்பர் முனையால் ஓடும் வால்வை மெல்லத் தட்டுங்கள். ‘டிங்’ என்று லேசாகக் கேட்டால் சகஜம். கோயில் மணி மாதிரி இழுத்துக்கொண்டே போனால் அந்த வால்வு மைக் ஆகிவிட்டது. உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது. வெப்பம் தாங்கும் சிலிக்கான் வளையம் ஒன்று கழுத்தில் போட்டால் குறையும், போகாது.

கரகரப்புக்குக் காரணம் எங்கள் ஊரில் பத்துக்கு எட்டு தடவை ஈரம்தான். சாரல் மாசத்தில் வால்வின் கால்களில் மங்கலான படலம் படியும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பழைய பல் பிரஷை நனைத்துத் தேய்த்து, முழுக்கக் காயவிட்டு, ஆறிய ஆம்பில் இரண்டு மூன்று தடவை செருகி எடுங்கள். அந்த உரசலே சாக்கெட்டின் உள்பக்கத்தையும் சுத்தம் செய்யும். வெள்ளிக் குத்துவிளக்கு பளபளக்கிறதே என்று விபூதியால் தேய்த்த ஒருவரை எனக்குத் தெரியும். கால் மின்னியது, பொடி சாக்கெட்டுக்குள் போய் உட்கார்ந்தது, ஆம்ப் முன்னைவிட மோசமாகக் கரகரத்தது. வால்யூம் குமிழ் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் ஆம்பை அணைத்து, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது தடவை திருப்புங்கள். மருந்தே வேண்டாம், பல தடவை அதிலேயே தீர்ந்துவிடும்.

வால்வைக் கண்ணாலும் படிக்கலாம். உச்சியிலோ பக்கத்திலோ வெள்ளிக் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அது பால் வெள்ளையாகிவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான். கண்ணாடி ஓரத்தில் நீல ஒளி சாதாரணம். உள்ளே தகடுகளுக்கு நடுவில் ஊதாவாகப் புகை மாதிரி தெரிந்தால் உடனே அணையுங்கள்.

பழைய ரேடியோ பழுது பார்த்தவர்களின் டப்பாவில் இன்னமும் நம் பெங்களூரு பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) வால்வுகள் கிடைப்பதுண்டு. பெட்டியோடு கிடைத்தால் விடாதீர்கள், ஆனால் ஜோடி வயசு ஒன்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு வேடிக்கை: கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து செங்கோட்டைக்கு ரயில் வந்ததும் 1904, லண்டனில் ஃபிளெமிங் முதல் வால்வுக்குக் காப்புரிமை கேட்டதும் 1904. மீட்டர் கேஜ் போய்விட்டது, வால்வு போகவில்லை.

தினப் பழக்கம்

ஸ்விட்சைப் போட்டு ஒரு நிமிஷம் கழித்தே ஹெட்போனைச் செருகுங்கள். ஓடிஎல் ஆம்பில் சூடேறும்போது அவுட்புட் கண்டென்சர் நிரம்பும், அந்த நேரத்தில் ஒரு ‘தப்’ ஹெட்போனுக்குப் போகும். அணைக்கும்போது முதலில் ஹெட்போன், அப்புறம் ஸ்விட்ச். பாட்டு நன்றாக நிலைத்து வர இருபது நிமிஷம் கொடுங்கள். கரண்ட் போய் உடனே வந்தால் ஓடிப்போய் மறுபடி போடாதீர்கள், இரண்டு நிமிஷம் ஆறட்டும். அதற்காக நாள் முழுக்க எரியவிடவும் வேண்டாம்.

மேலே ஒரு சாண் இடம் காலியாக இருக்கட்டும். துணி போட்டு மூடுவது முழுக்க ஆறிய பிறகுதான். எங்கள் வீட்டுப் பூனைக்கு டிரான்ஸ்ஃபார்மர் மேல் படுப்பதில் தனிச் சுகம், இப்போது அந்த அறைக் கதவு சாத்தியே இருக்கும். எறும்பும் பல்லியும் இளஞ்சூடு தேடி காற்றுத் துளை வழியாக நுழையும். மேஜையில் முறுக்குத் தூள் சிந்தாமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த மருந்து.

சாரல் மாசத்தில் வாரம் இரண்டு முறையாவது ஒரு மணி நேரம் ஆம்பை ஓட்டுங்கள், அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். ஹெட்போனை இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். முதல் வருஷம் நான் சும்மா ஆணியில் மாட்டி வைத்தேன், ஆவணியில் எடுத்தபோது குஷன் முழுக்கச் சாம்பல் பூஞ்சை.

ஐப்பசியில் இடி தொடங்கினால் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. மேற்கே மலைப்பக்கம் முதல் மின்னல் தெரிந்ததும் ப்ளக்கைப் பிடுங்கி, யூஎஸ்பி வயரையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் நான் மாடிக்குத் துணி எடுக்க ஓடுகிறேன்.